ஆறாம் இலக்கத்தின் பயணம்

கன்னம் மேலேறும், கண்ணின் கீழிமை சற்றே தூக்கும், வெளி ஓரத்தில் இரண்டு மூன்று மெல்லிய கோடுகள் விழும். முகத்தில் நடப்பது இவ்வளவுதான். கல்முனைச் சந்தையில் முகத்திரை போட்ட ராத்தாமார் பேரம் பேசி முடித்துச் சிரிக்கையில் கடைக்காரரின் கண்ணில் படுவது இந்தக் கோடுகள் மட்டுமே. அவருக்கு அது போதும். சொறிக்கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்கும் கல்முனைக்கும் நாளாந்தம் போய்வருகிற கத்தோலிக்கத் தமிழ்ச் சனங்களும் சின்ன வயதிலிருந்தே இந்தக் கண் வாசிப்போடு வளர்ந்தவர்கள்தான். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் பெண் சிரிக்கிறாளா, சினக்கிறாளா, பிள்ளையின் காய்ச்சலை நினைத்துக் கலங்குகிறாளா என்று அறிய அவர்களுக்கு வாயைப் பார்க்க வேண்டியதில்லை.

அந்தச் சிறு அசைவுக்கு உலக ஆய்வுக்கூடங்களில் ஓர் இலக்கம் உண்டு: 6. மனிதரோடு பழக வேண்டிய ரோபோக்களுக்கு முகத்தின் நுண்மையான மாற்றங்களைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்கும் எவரும் இந்த ஆறைக் கடந்து போக முடியாது. அதன் கதை தொடங்கிய இடம் பாரிஸ். பயணத்தின் ஆரம்பத்திலேயே அது நமது கிழக்குக் கரையைத் தொட்டுச் சென்றிருக்கிறது.

1862இல் துஷேன் த பூலோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் மனித முகத்தின் இயக்கத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் அவருக்கு வாய்த்த ஆள் பல் விழுந்த ஒரு கிழவர், செருப்புத் தைப்பவர். முகத்தில் உணர்ச்சி மரத்துப்போன நோய் அவருக்கு இருந்தது. அதனால் தசைகள்மீது மின்முனைகளை வைத்தாலும் வலி தெரியாது. துஷேன் ஒவ்வொரு தசையாகத் தூண்டிப் புகைப்படம் எடுத்தார். உதட்டோரத்தை இழுக்கும் தசையை மட்டும் தூண்டினால் சிரிப்பு வந்தது. ஆனால் பார்ப்பவர் மனம் அதை ஏற்கவில்லை. கண்ணைச் சுற்றி வளையமாக ஓடும் தசையும் சேர்ந்து சுருங்கினால்தான் அது மகிழ்ச்சியின் சிரிப்பாகத் தெரிந்தது. அந்தத் தசை மனிதனின் கட்டளைக்கு அடங்காது, உள்ளம் மகிழ்ந்தால் மட்டுமே அசையும் என்பது துஷேனின் நம்பிக்கை. பலரால் அதை வேண்டுமென்றே அசைக்க முடியும் என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டின. ஆனாலும் உண்மையான சிரிப்புக்கு இன்றுவரை துஷேனின் பெயரே நிற்கிறது.

அந்தப் புகைப்படங்கள் இங்கிலாந்தில் சார்ல்ஸ் டார்வினிடம் போய்ச் சேர்ந்தன. டார்வின் அவற்றை இருபதுக்கும் மேற்பட்டோரிடம், விளக்கம் எதுவும் சொல்லாமல் காட்டி, இந்த மனிதர் என்ன உணர்கிறார் என்று கேட்டார். சில படங்களுக்கு எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். வேறு சில படங்களுக்கு ஆளுக்கொரு பதில். என் மதிப்பில், முகத்தைப் பற்றிய ஆய்வில் முதல் நேர்மையான காரியம் இதுதான்: படம் எடுத்தவரின் சொல்லை அப்படியே ஏற்காமல் பார்ப்பவரிடம் கேட்டது.

1867இல் டார்வின் பதினாறு கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை உலகின் பல மூலைகளுக்கும் அனுப்பினார். வியப்பில் கண்ணும் வாயும் அகலத் திறக்கின்றனவா? வெட்கத்தில் முகம் சிவக்கிறதா? மனம் மகிழ்ந்தவரின் கண் மின்னுகிறதா, அதைச் சுற்றியுள்ள தோல் சற்றே சுருங்குகிறதா? நினைவிலிருந்து எழுத வேண்டாம், நினைவு ஏமாற்றும், பார்த்ததை எழுதுங்கள் என்று வருந்திக் கேட்டிருந்தார். முப்பத்தாறு பேர் பதில் அனுப்பினார்கள். இலங்கையிலிருந்து எழுதியவர் சாமுவேல் ஓவன் கிளெனி. திருகோணமலையில் நெடுங்காலம் பணியாற்றிய அங்கிலிக்கன் பாதிரியார். துஷேனின் கண்தசையைப் பற்றிய கேள்வி, நமது ஊர் முகங்களுக்கு நேரே அப்படித்தான் முதலில் வந்து நின்றது.

ஆனால் இலங்கையிலிருந்து டார்வினுக்கு மனித முகத்தைவிட அவசரமாகத் தேவைப்பட்டது யானையின் முகம். குழந்தை வீரிட்டு அழும்போது கண்ணைச் சுற்றியுள்ள தசை இறுகுவதை அவர் கவனித்திருந்தார். அழுகையின் வேகத்தில் கண்ணுக்கு ஏறும் இரத்தத்தின் அழுத்தத்திலிருந்து கண்ணைக் காக்கவே அது இறுகுகிறது, அந்த இறுக்கத்தோடு சேர்ந்தே கண்ணீர் வருகிறது என்பது அவர் எண்ணம். இதற்காக டொண்டர்ஸ் என்ற டச்சுக் கண் வைத்தியரின் துணையையும் நாடினார். விழுந்து விழுந்து சிரிக்கும்போதும் அதே தசை இறுகுகிறது, அதே கண்ணீர் வருகிறது. அப்படியானால் கண்ணீர் விடும் விலங்கு ஏதாவது இருந்தால், அதுவும் அந்தத் தசையைச் சுருக்குகிறதா என்று பார்க்க வேண்டும். இலங்கையில் பிடித்துக் கட்டப்பட்ட யானைகள் அசையாமல் கிடந்து இடைவிடாது கண்ணீர் வடித்ததாக, இங்கே பிரித்தானிய அதிகாரியாக இருந்த எமர்சன் டெனென்ட் எழுதியிருந்தார். டார்வின் இலங்கைக்குக் கடிதம் எழுதி விசாரித்தார். வந்த பதில் மாறாக இருந்தது: புதிதாகப் பிடிபட்ட யானைகள் அழுவதைக் காணவில்லை, உள்ளூர் வேட்டைக்காரரும் யானை அழுவதைத் தாங்கள் கண்டதே இல்லை என்று அடித்துச் சொல்கிறார்கள்.

அந்த வேட்டைக்காரர் யார் என்று டார்வினின் நூலில் இல்லை. ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் யானை பிடிப்பதில் பேர்பெற்றவர்கள் முஸ்லிம் ஊர்களின் பணிக்கர்கள் என்பதை டெனென்ட்டே எழுதியிருக்கிறார். காட்டில் யானையின் காதசைவையும் கண்ணையும் பார்த்து, அது அடுத்து என்ன செய்யும் என்று கணித்து, தோல் கயிற்றோடு காலடிக்குப் போனவர்கள் அவர்கள். கணிப்புப் பிழைத்தால் உயிர் போய்விடும். ஒரு முகத்தை வாசிப்பதில் இதைவிடக் கடுமையான பயிற்சி வேறெங்கும் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். டார்வின் இரு தரப்பையும் எழுதிவைத்தார். பிறகு லண்டன் விலங்கியல் பூங்காவில் யானைகளைப் பிளிறச் சொல்லிப் பார்த்தார்கள். பிளிறும்போதெல்லாம் கண்ணைச் சுற்றிய தசை சுருங்கியது. 1872இல் வெளியான அவருடைய நூலில் இவையெல்லாம் இருக்கின்றன. சிரிப்பில் துஷேன் கண்டுபிடித்த அதே தசைதான் அழுகையிலும் இருக்கிறது என்ற சேதி அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. பின்னால் வந்த பலர் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிட்டார்கள்.

அதன்பின் ஏறக்குறைய நூறு ஆண்டு இந்தத் துறை பெரிதாக நகரவில்லை. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க உளவியலாளர் போல் எக்மன் பப்புவா நியூகினி மலைப்பகுதியில் ஃபோரே மக்களிடம் போனார். ஒரு சிறு கதையைச் சொல்லி, அதற்குப் பொருந்தும் முகத்தைப் படங்களிலிருந்து எடுக்கச் சொன்னார். பெரும்பாலும் மேற்குலகத்தார் எடுக்கும் படத்தையே அவர்களும் எடுத்தார்கள். அச்சத்துக்கும் வியப்புக்கும் இடையில்தான் தடுமாற்றம். மனித உணர்ச்சியின் முகங்கள் உலகெங்கும் ஒன்றே என்ற கருத்து அங்கிருந்து பரவியது. 2016இல் கார்லோஸ் கிரிவெல்லியும் கூட்டாளிகளும் அதே நாட்டின் திரோபிரியண்ட் தீவுகளில் கேட்டபோது, மேற்கில் அச்சம் என்று படிக்கப்படும் வாய் பிளந்த முகத்தை அங்குள்ளவர்கள் மிரட்டும் முகமாகப் படித்தார்கள்.

எக்மனும் வொலஸ் ஃப்ரீசனும் 1978இல் வெளியிட்ட முக அசைவுக் குறிமுறையில்தான் நமது அசைவுக்கு இலக்கம் கிடைத்தது. சுவீடன் உடற்கூற்று அறிஞர் கார்ல்-ஹெர்மன் யோர்ட்ஷோ முன்னர் போட்டுவைத்த அடித்தளத்தின்மேல் இருவரும் தங்கள் முகத்தையே கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வரிசைப்படுத்தினார்கள். புருவம் தாழ்வது 4. கன்னம் ஏறிக் கண்ணோரம் சுருங்குவது 6. மூக்குச் சுருங்குவது 9. உதட்டோரம் இழுபடுவது 12. கண் மூடுவது 43. வலிமையை ஐந்து படிகளாகக் குறிப்பார்கள். இதைப் பழக ஒருவருக்கு நூறு மணிநேரம் பிடிக்கும் என்பார்கள். பழகிய பின்னும் ஒரு நிமிட வீடியோவைக் குறித்து முடிக்க ஒரு மணிநேரமாவது வேண்டும். அந்த முறையின் பெரிய நற்குணத்தைச் சொல்லியாக வேண்டும்: அது 6 என்று எழுதும், மகிழ்ச்சி என்று எழுதாது. அசைவை அசைவாகவே நிறுத்தியது.

இலக்கம் கணினிக்குள் போனபோதுதான் அந்த நிதானம் தளர்ந்தது. 2000ஆம் ஆண்டில் பிட்ஸ்பர்க்கிலிருந்து வெளிவந்த கோன்–கனாடே தொகுப்பு இத்துறையின் அரிச்சுவடி. 97 பேர், வயது 18 முதல் 30, ஆசியரும் லத்தீன் அமெரிக்கரும் சேர்த்து நூற்றுக்கு மூன்று பேர். முகத்தை எப்படி அசைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துப் படம் பிடித்தார்கள். கமரா முதலில் முகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும். புருவம், இமை, மூக்கு, உதடு, தாடையோரம் ஆகியவற்றில் அறுபத்தெட்டுப் புள்ளிகளைக் குத்தும். கண்ணுக்குக் கீழே நிழலும் கோடும் எப்படி மாறுகின்றன என்று பார்க்கும். மனிதர் குறித்துவைத்த ஆயிரக்கணக்கான படங்களோடு ஒப்பிட்டு, இது 6 என்று சொல்லும். இருபது வயது மாணவியின் வழுவழுப்பான கன்னத்தில் படித்துவந்த கண்ணுக்கு, வயல்வெளி வெயிலில் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் நாவிதன்வெளி விவசாயி எப்படித் தெரிவார்? அவருடைய கண்ணோரக் கோடுகள் சிரிக்காவிட்டாலும் அங்கேயேதான் இருக்கும். வயதான முகங்களில் இந்தக் கருவிகள் அதிகம் தடுமாறுவது ஆய்வாளர்கள் அறிந்த குறை.

இந்தக் காலத்தில்தான் ரோபோக்கள் வந்தன. 1990களின் கடைசியில் எம்.ஐ.டி.யில் சிந்தியா பிரீசீல் செய்த கிஸ்மெட், பேசுபவரின் குரலின் தொனிக்கும் அசைவுக்கும் தன் முகத்தால் பதில் சொல்லும். 2014இல் ஜப்பானின் சொஃப்ட்பாங்க் அறிமுகப்படுத்திய பெப்பர், மனிதரின் உணர்ச்சியைப் படிக்கும் ரோபோ என்றே விளம்பரமானது. ஏறக்குறைய 27,000 பெப்பர்கள் செய்யப்பட்டன. 2020இல் உற்பத்தி நின்றது.

இதற்கிடையில் முகத்தின் மிகச் சிறிய மாற்றங்களைப் பிடிக்கும் வேலை ஆழமாகப் போனது. 1966இல் ஹகார்டும் ஐசக்ஸும் உளச்சிகிச்சைப் படச்சுருளை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, சாதாரண வேகத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும் முகமாற்றங்களைக் கண்டார்கள். ஒரு செக்கனில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள்ளேகூட அவை வந்து மறைந்துவிடும். சாதாரண கமராவில் அப்படி ஒன்று ஒரு படத்தில் மட்டுமே விழக்கூடும். அதனால் சீன விஞ்ஞானக் கழகத்தின் உளவியல் ஆய்வாளர்கள் செக்கனுக்கு 200 படங்கள் எடுக்கும் கமராவை வைத்து, மனதை உலுக்கும் வீடியோக்களைக் காட்டி, முகத்தில் எதையும் காட்டாதே என்று சொல்லி, அப்படியும் கசிந்த அசைவுகளைச் சேர்த்தார்கள். கிட்டத்தட்ட 3,000 அசைவுகளிலிருந்து 247ஐத்தான் தேறியவை என்று எடுத்து 2014இல் வெளியிட்டார்கள்.

எனக்குப் பிடித்த ஆய்வு வேறொன்று. பங்களாதேஷில் பிறந்த எஹ்சான் ஹோக், எம்.ஐ.டி.யில் ரோசலின்ட் பிக்கார்டோடு சேர்ந்து செய்தது; 2012இல் வெளியானது. எரிச்சலை நடித்துக் காட்டச் சொன்னபோது பத்தில் ஒன்பது பேர் சிரிக்கவில்லை. நீண்ட படிவம் ஒன்றை நிரப்பவைத்து, அது அழிந்துபோகும்படி செய்து, உண்மையாகவே எரிச்சலூட்டியபோது பத்தில் ஒன்பது பேர் சிரித்தார்கள்! அந்தச் சிரிப்பையும் மகிழ்ச்சிச் சிரிப்பையும் பிரித்தறிவதில் மனிதரைவிடக் கணினி திறமையாக இருந்தது. மகிழ்ச்சிச் சிரிப்பு மெல்ல ஏறும், நிதானமாக நிற்கும்; எரிச்சல் சிரிப்பு சட்டென்று எழுந்து சட்டென்று விழும். ஒற்றைப் படத்தில் இரண்டும் ஒன்றுபோலிருக்கும். காலத்தை அளந்தால்தான் வேறுபாடு தெரியும். இயந்திரத்தால் முடியாது என்று கைவிரிப்பவர்களுக்கு இந்த ஆய்வு பதில் சொல்லும்.

ஆறாம் இலக்கம் போய் நிற்கிற மிக முக்கியமான இடம் மகிழ்ச்சியல்ல, நோவு. கனடாவின் கென்னத் பிரக்காச்சின் நோவின் முகத்தை ஆராய்ந்து ஒரு கணக்குத் தந்தார். புருவம் தாழும் 4; கண்ணோரத்தின் 6 அல்லது இமை இறுகும் 7, இவற்றில் எது பெரிதோ அது; மூக்கின் 9 அல்லது மேலுதட்டின் 10, அவற்றில் பெரியது; கண் மூடும் 43. கூட்டினால் 0 முதல் 16 வரை ஒரு மதிப்பு. தோள்நோவுக்காரர் 25 பேரின் வீடியோக்களிலிருந்து 48,398 படங்களை இப்படிக் குறித்து 2011இல் ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். பேச முடியாத நோயாளியின் நோவைக் கண்டறியும் கருவிகளின் பெரும்பகுதி இதிலிருந்துதான் வளர்ந்தது. மகிழ்ச்சியின் அடையாளம் என்று துஷேன் கொண்டாடிய அதே தசை, இங்கே நோவின் கணக்கில் இருக்கிறது. அப்படியானால் 12ஐப் பார்த்துப் பிரிக்கலாம் அல்லவா, உதடு சிரித்தால் மகிழ்ச்சிதானே? இல்லை. நோவிலும் மனிதர் சிரிக்கிறார்கள் என்று மிரியம் கூன்ஸும் பிரக்காச்சினும் 2009இல் எழுதினார்கள்.

அதை நமது வைத்தியசாலை வாட்டுகளில் எவரும் பார்த்திருப்பார்கள். பார்க்க வந்த மகன் கட்டிலோரம் நின்று, "உம்மா, நோவுதா?" என்று கேட்பான். "நோகல்ல மகன், நீ சாப்பிட்டியா?" என்று உம்மா சிரிப்பார். கன்னம் ஏறும், கண்ணோரம் சுருங்கும், உதடும் இழுபடும். 6, 12. எந்தக் கருவியும் மகிழ்ச்சி என்றே குறிக்கும். பக்கத்தில் நிற்கும் மகள் மாத்திரம், உம்மாவின் கை படுக்கைவிரிப்பைப் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்துவிட்டுத் தாதியைக் கூப்பிடப் போவாள். மகளுக்குத் தெரிந்தது முகத்தில் இல்லை. நாற்பது வருடப் பழக்கத்தில் இருந்தது.

முகத்தோடு சூழலையும் சேர்த்துப் படிப்பது நமது மரபுக்குப் புதிதல்ல. சம்மாந்துறைக்குப் பக்கத்து ஊரான காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. 1926இல் வெளியான 'மதங்க சூளாமணி'யில் சேக்ஸ்பியரின் நாடகங்களையும் நமது நாடக இலக்கண மரபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சுவையையும் அவிநயத்தையும் ஆராய்ந்தார். அந்த மரபின் வேரான தொல்காப்பியம் மெய்ப்பாட்டை எட்டாக வகுத்ததோடு நிற்காமல், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களைச் சேர்த்தே சொல்கிறது. சிரிப்பு ஏளனத்தாலும் வரும், பிள்ளைத்தனத்தாலும் வரும். எதனால் வந்தது என்பதைச் சொல்லாமல் சிரிப்பைப் பற்றிப் பேச்சு முடியாது. 2019இல் லீசா ஃபெல்ட்மன் பரெட் தலைமையில் ஐந்து ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை அலசி எழுதியதும் இந்தத் திசையில்தான்: கோபத்தில் மனிதர் முகத்தைச் சுளிப்பது சராசரியாக நூற்றுக்கு முப்பது தடவையளவில்தான், கோபமில்லாமல் சுளிப்பதும் நிறைய.

இந்த எச்சரிக்கை நிறுவனங்களின் முடிவுகளிலும் சட்டத்திலும் ஏறத் தொடங்கிவிட்டது. மைக்ரோசொஃப்ட் 2022இல் தன் முக ஆய்வுச் சேவையிலிருந்து உணர்ச்சியை ஊகிக்கும் வசதியை விலக்கிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களைத் தவிர, வேலைத்தலங்களிலும் கல்விநிலையங்களிலும் உணர்ச்சியை ஊகிக்கும் கருவிகளை 2025 பெப்ரவரி 2 முதல் தடைசெய்திருக்கிறது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உயிரியல் அடையாளத் தரவுகளைத் தனி வகையில் வைத்திருக்கிறது.

இலங்கையில் ரோபோவுக்கு மனிதக் குறிப்பறியக் கற்றுக்கொடுப்பதில் தொடர்ந்து உழைப்பது மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் புத்திக ஜயசேகரவின் ஆய்வுக்குழு. சாபா சிறிதுங்க அக்குழுவில் இருந்து, பேச்சில்லா மனித நடத்தையை ரோபோ எப்படி அறிவது என்பதைப் பற்றி 2019இல் ஒரு விரிவான மதிப்பாய்வு எழுதினார். அந்த வேலையில் எனக்கு மதிப்பு வரக் காரணம், அவர்கள் கேட்கும் கேள்வி சிறியது: இந்த மனிதர் இப்போது தன்னிடம் யாராவது பேச வருவதை விரும்புகிறாரா? அமர்ந்திருக்கும் விதம், செய்துகொண்டிருக்கும் வேலை, உடலின் அசைவு ஆகியவற்றைப் பார்த்து, போவதா, விலகியிருப்பதா என்று ரோபோ முடிவெடுக்க வேண்டும். உள்ளத்தில் என்ன என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. நமது வீடுகளில் ஒரு நல்ல விருந்தாளி வாசலில் நின்று செய்வதும் இதைத்தான்.

கிழக்கில் இதற்கு அவசரமான தேவை இருக்கிறது. பிள்ளைகள் கட்டாரிலும் சவூதியிலும் லண்டனிலும். முதியவர்கள் வீட்டில் தனியே. அவர்களோடு பேசி, விழுந்தால் அறிந்து, நோவு கூடினால் யாருக்காவது சொல்லும் ஒரு கருவி ஆடம்பரம் அல்ல. ஆனால் முகத்தின்மேல் கமராவைத் திருப்புவது இங்கே மற்ற ஊர்களைப்போல் இலகுவான காரியமும் அல்ல. 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களுக்குப் பின், 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் படையினரின் தேடுதலில் நடந்த மோதலையும் குண்டுவெடிப்பையும் இந்தக் கரை மறக்கவில்லை. 29ஆம் திகதி முதல் முகத்தை மறைப்பது அவசரகால ஒழுங்குவிதியால் தடைசெய்யப்பட்டது. ஓகஸ்டில் அவசரகாலநிலை முடியும்வரை அது நீடித்தது. அந்த மாதங்களில் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்த பெண்களுக்கு, முகத்தைக் காட்டு என்ற கட்டளையின் எடை தெரியும். அடுத்த ஆண்டு கொரோனா வந்து எல்லோரும் முகக்கவசம் போட்டபோது, உலகின் முகமறியும் கருவிகள் திணறின. கல்முனைச் சந்தை திணறவில்லை.

கருவிகளும் இங்குள்ள முகங்களைப் பழக ஒரு வழி உண்டு. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் ஹேப்பியும் அரவிந்த ரௌத்ரேயும் கூட்டாளிகளும் 50 இந்தியர்களின் நடிப்பில்லாத முகமாற்றங்களை 428 வீடியோத் துண்டுகளாகத் தொகுத்து ஆய்வாளர்களுக்குத் தந்தார்கள். சம்பந்தப்பட்டவர்களிடமே நீங்கள் என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டும் பதிந்தார்கள். அதை முன்மாதிரியாகக் கொண்டு ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துப் பொறியியல் மாணவர்கள் இந்தக் கரைக்கென்று ஒரு தொகுப்புச் செய்யலாம். சொறிக்கல்முனையின் வயதானவர்களும், சம்மாந்துறையின் விவசாயிகளும், மருதமுனையின் நெசவாளர்களும், கண்ணளவில் மட்டும் என்ற நிபந்தனையோடு முகத்திரை விலக்க விரும்பாதவர்களும் அதில் இருக்கட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று குறிப்புகள் வேண்டும்: குறிமுறை பழகியவர் எழுதும் இலக்கம், அந்த மனிதரே சொல்லும் சொல், அவரோடு ஒரே வீட்டில் இருப்பவர் சொல்லும் சொல். மூன்றும் முரண்பட்டால் முரண்பாட்டையும் அப்படியே பதிய வேண்டும். பெரும்பான்மை பார்த்து ஒன்றை அழிக்கக் கூடாது. அழிக்கச் சொல்லும் உரிமை முகத்துக்குரியவருக்கு மட்டும். அவர் எப்போது கேட்டாலும், காரணம் சொல்லாமலே.